கம்பியில்லா சிம் ரேசிங் ஸ்டியரிங் பலகை

கம்பியில்லா சிம் ரேசிங் ஸ்டியரிங் பலகை என்பது, கணினித் தானுந்துப் பந்தய விளையாட்டுகளுக்காகப் பயனர் தாமே உருவாக்கும் ஸ்டியரிங் சக்கரத்தினுள் பொருத்தப்படும் ஒரு மின்னணுச் சுற்றுப் பலகை ஆகும். சக்கரத்தின் மீதுள்ள பொத்தான்கள், திருகு குமிழ்கள், கியர் மாற்றும் துடுப்புகள் ஆகியவற்றின் நிலையைப் படித்து, வானொலி அலைகள் வழியாகக் கணினிக்கு இது அனுப்புகிறது. நுண்கட்டுப்படுத்தி, வானொலிப் பகுதி, மின்கலம் ஆகிய மூன்றும் இதன் முதன்மை உறுப்புகளாகும்.

சக்கரம் எவ்வளவு திரும்பியுள்ளது என்பதையோ, ஓட்டுபவரின் கையில் உணரப்படும் எதிர்விசையையோ இப்பலகை கையாள்வதில்லை. அவை சக்கரத்தைத் தாங்கும் மோட்டார் அடித்தளத்தின் பணிகளாகும். அவ்வடித்தளம் கணினியுடன் கம்பி வழியாகவே இணைக்கப்படுகிறது. எதனைக் கம்பியின்றி அனுப்பலாம், எதனை அனுப்பலாகாது என்னும் இப்பிரிவினையே இப்பலகைகளின் வடிவமைப்புக்கு அடிப்படையாக உள்ளது.

பின்னணி

பந்தயத் தானுந்துகளின் ஸ்டியரிங் சக்கரத்தில் கட்டுப்பாடுகள் மிகுந்தது 1989 ஆம் ஆண்டுக்குப் பின்னரே எனலாம். அவ்வாண்டில் ஃபார்முலா 1 பந்தயங்களில் அறிமுகமான ஃபெராரி 640 தானுந்தில், கியரை மாற்றும் துடுப்புகள் சக்கரத்தின் பின்புறம் அமைந்திருந்தன. இன்றைய பந்தயச் சக்கரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுப்பாடுகள் இருப்பது இயல்பு. இவற்றை ஒத்த சக்கரங்களையே சிம் ரேசிங் ஆர்வலர்கள் வீட்டில் உருவாக்குகின்றனர். பெரும்பாலான சக்கரங்கள், 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்த 6 துளைகளின் வழியாக விரைவு விடுவிப்பியுடன் பொருத்தப்படுகின்றன. ஆகையால் ஒரே அடித்தளத்தில் வெவ்வேறு சக்கரங்களை மாற்றி மாட்டலாம்.

சாலைத் தானுந்தை ஒத்த சக்கரம் ஏறத்தாழ 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று திரும்பும். அதிலிருந்து ஒரு கம்பி வெளிவருமாயின் அது அச்சைச் சுற்றிக்கொள்ளும். இச்சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் உள்ளன. முதலாவது, சுருள் கம்பி. இது மலிவானது; ஆனால் நாளடைவில் இணைப்பான் தேய்ந்து தளரும். இரண்டாவது, சுழலும் அச்சின் வழியே மின்தொடர்பைப் பேணும் நழுவு வளையம். இதற்கு அச்சு உள்ளீடற்ற குழலாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, கம்பியில்லா இணைப்பு.

வளர்ச்சி

தொடக்கத்தில் கிடைத்தவை கம்பிவழிப் பலகைகளே. பிரித்தானியாவின் லியோ பாட்னார் நிறுவனம் வெளியிட்ட பியூ0836ஏ என்னும் பலகை, 8 அச்சுகளையும் 32 பொத்தான்களையும் யூ.எஸ்.பி வழியாகக் கணினிக்குத் தெரிவித்தது. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்டுயினோ லியோனார்டோவின் ஏடிமெகா32யூ4 சில்லு, தன்னையே ஒரு விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியாகக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளக் கூடியது. இதனால் நிரல் எழுதத் தெரிந்த எவரும் தமக்கு வேண்டிய பலகையைத் தாமே அமைக்க முடிந்தது.

கம்பியில்லாப் பலகைகளுக்கு வழிவகுத்தது, 2010 ஆம் ஆண்டின் புளூடூத் 4.0 சீர்தரத்தில் இடம்பெற்ற குறைதிறன் புளூடூத் ஆகும். விசைப்பலகை, சுட்டி போன்ற கருவிகள் இதன்வழியாகத் தனி இயக்கி மென்பொருள் இன்றியே கணினியுடன் பேசும் முறை 2011 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் சீனாவின் எஸ்பிரசிஃப் நிறுவனம் வெளியிட்ட ஈஎஸ்பி32 சில்லு, நுண்கட்டுப்படுத்தியையும் புளூடூத்தையும் குறைந்த விலையில் ஒன்றாக அளித்தது. நார்வே நாட்டின் நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 சில்லு இதனினும் குறைந்த மின்சாரத்தில் இயங்கக் கூடியது. 2019 ஆம் ஆண்டில் பின்லாந்தில் இருந்து வெளிவந்த சிமுகியூப் 2 அடித்தளம், கம்பியில்லாச் சக்கரத்திற்கான அலைவாங்கியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

உள்ளீடுகள்

நுண்கட்டுப்படுத்தியின் ஊசிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆகையால் பொத்தான்கள் கிடை வரிசை, நெடு வரிசை எனக் கட்டங்களாக இணைக்கப்படுகின்றன. 5 கிடை வரிசைகளும் 5 நெடு வரிசைகளும் இருந்தால், 10 ஊசிகளில் 25 பொத்தான்களைப் படிக்கலாம். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், அழுத்தப்படாத நான்காவதும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். இதனைத் தவிர்க்க ஒவ்வொரு பொத்தானுடனும் ஒரு டையோடு சேர்க்கப்படுகிறது. 74எச்சி165 போன்ற நகர்வுப் பதிவிச் சில்லுகளைச் சங்கிலியாக இணைப்பது மற்றொரு முறை. முதல் தலைமுறை ஈஎஸ்பி32 சில்லில் 34 முதல் 39 வரையுள்ள ஊசிகள் உள்ளீட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றுக்கு உள்ளக மின்தடை இல்லையாதலால் வெளியே ஒரு மின்தடை இணைத்தல் வேண்டும்.

பொத்தானை அழுத்தும்போது அதன் உலோகத் தொடுமுனைகள் சில மில்லிநொடிகள் அதிரும். அதிர்வு அடங்கும்வரை காத்திருந்து பின்னர் தெரிவித்தால் அந்நேரம் முழுவதும் தாமதமாகிவிடும். முதல் தொடுகையை உடனே தெரிவித்துவிட்டு, அடுத்த சில மில்லிநொடிகளின் மாற்றங்களைப் புறக்கணிப்பதே பந்தயச் சக்கரத்திற்கு ஏற்ற முறையாகும்.

சுழல் என்கோடர் எனப்படும் திருகு குமிழ், ஒவ்வொரு சொடுக்குக்கும் மிகக் குறுகிய துடிப்பையே தரும். நொடிக்கு 60 சட்டங்கள் வரையும் விளையாட்டில் ஒரு சட்டத்தின் நீளம் 16.7 மில்லிநொடி. துடிப்பு இதனினும் குறுகியதாயின் விளையாட்டு அதனைத் தவறவிடக் கூடும். ஆகவே ஒவ்வொரு சொடுக்கையும் ஏறத்தாழ 50 மில்லிநொடி நீளும் பொத்தான் அழுத்தமாகப் பலகை மாற்றுகிறது. வேகமாகத் திருகப்பட்டால் எஞ்சிய சொடுக்குகள் வரிசையில் வைக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படும்.

வானொலி இணைப்பு

குறைதிறன் புளூடூத் 2.4 கிகாஎர்ட்சு அலைவரிசையில் 40 தடங்களைப் பயன்படுத்துகிறது. புளூடூத் 4.0 சீர்தரத்தின்படி இரு சந்திப்புகளுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளி 7.5 மில்லிநொடி ஆகும். கம்பிவழி யூ.எஸ்.பி இணைப்பில் இது 1 மில்லிநொடியாக இருக்கலாம். எந்த இடைவெளியைப் பயன்படுத்துவது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. பலகை வேண்டுகோள் மட்டுமே விடுக்க முடியும். கியர் மாற்றத்திற்கும் விளக்குப் பொத்தானுக்கும் இத்தாமதம் ஒரு சட்டத்தின் நீளத்தினும் குறைவு என்பதால் பெரும்பாலும் உணரப்படுவதில்லை.

ஆண்டெனாவின் இடம் முக்கியமானது. கரியிழைத் தகடு மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியமும் அவ்வாறே. இவற்றால் முழுவதும் மூடப்பட்ட பெட்டியில் இருந்து அலைகள் வெளியேறா. எனவே பின்மூடியை நெகிழியால் அமைத்து, ஆண்டெனா உள்ள முனையை அதன் பக்கமாக வைத்தல் வேண்டும். யூ.எஸ்.பி 3.0 துளைகளும் 2.4 கிகாஎர்ட்சு பகுதியில் இரைச்சலை உண்டாக்குவதால், புளூடூத் ஏற்பியை ஒரு நீட்டிப்புக் கம்பியின் மூலம் கணினியில் இருந்து விலக்கி வைப்பது நன்று.

மின்கலம்

பொதுவாக ஒற்றை லித்தியம் பாலிமர் மின்கலம் பயன்படுகிறது. இதன் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட்டு, முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டு. ஈஎஸ்பி32 வானொலி இயங்கும்போது ஏறத்தாழ 100 மில்லிஆம்பியர் இழுக்கக் கூடியது. ஆகவே 1000 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் தொடர்ந்து இயங்கினால் பத்து மணி நேரம் அளவில் நீடிக்கும். சற்று நேரம் பயன்பாடு இல்லையெனில் சில்லை ஆழ்துயில் நிலைக்கு அனுப்புவது வழக்கம்.

மின்னேற்றும் சுற்றில் கவனம் தேவை. பரவலாக விற்கப்படும் டிபி4056 பலகைகள் 1.2 கிலோஓம் மின்தடையுடன் வருகின்றன. இது 1 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரும். 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சிறிய மின்கலத்திற்கு இது மிகையானது. மின்கலம் சூடாகி உப்பவும் தீப்பற்றவும் கூடும். அம்மின்தடையை 5 கிலோஓமாக மாற்றினால் மின்னோட்டம் ஏறத்தாழ 250 மில்லிஆம்பியராகக் குறையும். மிகை வெளியேற்றத்தையும் குறுக்குச் சுற்றையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இணைப்பு அறும்போது

குறைதிறன் புளூடூத்தில் பெறப்படாத பொதி மீண்டும் அனுப்பப்படும். ஆகவே சிறு இடையூறுகள் இழப்பாக அன்றித் தாமதமாகவே வெளிப்படுகின்றன. ஆனால் மின்கலம் தீர்ந்து பலகை திடீரென நின்றால், இணைப்பு அறுந்ததைக் கணினி உடனே அறியாது. கண்காணிப்புக் கால எல்லை முடியும்வரை கடைசியாக வந்த மதிப்பே நிலைக்கும். இவ்வெல்லை 100 மில்லிநொடி முதல் 32 நொடி வரை அமைக்கப்படலாம். எடுத்துக்காட்டாக அது 2 நொடி எனில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தானுந்து அதற்குள் ஏறத்தாழ 111 மீட்டர் கடந்துவிடும்.

கால்களைப் பயன்படுத்த இயலாத ஓட்டுநர்களுக்கு இது முதன்மையான செய்தியாகும். இவர்கள் முடுக்கியையும் பிரேக்கையும் கையால் இயக்குகின்றனர். 2018 ஆம் ஆண்டு விபத்தில் தண்டுவடக் காயமுற்ற கனடிய ஓட்டுநர் ராபர்ட் விக்கென்ஸ், கையால் இயக்கும் கட்டுப்பாடுகளுடன் 2022 ஆம் ஆண்டில் உண்மையான பந்தயங்களுக்குத் திரும்பினார். வீட்டில் இத்தகைய அமைப்பை உருவாக்குவோர், பொத்தான்களைக் கம்பியின்றி விட்டு, பிரேக் நெம்புகோலை மட்டும் அசையாத அடித்தளத்தில் பொருத்திக் கம்பி வழியாக இணைப்பது பாதுகாப்பானது. அது இயலாவிடின் சுருள் கம்பி உள்ள சக்கரமே மேல்.

மோட்டாரை நிறுத்தும் அவசர ஆளியும் இவ்வாறே. சிமுகியூப் 2 வகைகளின் உச்ச முறுக்குவிசை 17 முதல் 32 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது. இது விரலையும் மணிக்கட்டையும் காயப்படுத்தப் போதுமானது. எனவே அவசர ஆளி எப்போதும் கம்பியுடன், சக்கரத்திற்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் அமைதல் வேண்டும்.

வரம்புகள்

விண்டோசின் டைரக்ட்இன்புட் இடைமுகம் ஒரு கருவிக்கு 128 பொத்தான்கள் வரை ஏற்கும். ஆயினும் அதனினும் குறைவான எண்ணிக்கையையே படிக்கும் விளையாட்டுகளும் உண்டு. பிளேஸ்டேசன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவை உரிமம் பெற்ற கருவிகளை மட்டுமே ஏற்பதால், இப்பலகைகள் அவற்றில் நேரடியாக இயங்குவதில்லை. இவை பெரும்பாலும் தனியாள் கணினிகளிலேயே பயன்படுகின்றன.