காரைக்காலின் பழைய வரலாறும் தலமரபுகளும்

காரைக்கால் என்பது இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஒரு கடற்கரை நகரமும் மாவட்டமும் ஆகும். புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தெற்கே, காவிரியின் கிளையாறான அரசலாறு வங்காள விரிகுடாவில் கலக்குமிடத்தில் இது அமைந்துள்ளது. கடல் நீங்கலாக மற்ற மூன்று பக்கங்களிலும் தமிழ்நாடு சூழ்ந்துள்ளது. மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 160 ச.கி.மீ. ஆகும். 1739 இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கியமையால் ஊரின் வரலாறும் அப்போதே தொடங்கியதாகக் கருதுவோர் உளர். எனினும் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே இவ்வூரின் பெயர் பாடலில் இடம்பெற்றுவிட்டது. அதனைப் பாடியவர் இவ்வூரை விட்டு நீங்கிய ஒரு பெண் ஆவார்.

பெயர்

'காரை' என்பது ஒரு முட்செடியின் பெயர். 'கால்' என்பது வாய்க்காலைக் குறிக்கும். காரைச் செடிகள் அடர்ந்த வாய்க்கால் ஓடிய இடம் எனப் பொருள் கூறுவர். சுண்ணாம்புக் காரையோடு தொடர்புபடுத்திக் கூறுவதும் உண்டு. ஆற்றுக் கழிமுகத்தின் இயல்பை நோக்க, முதல் விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

காரைக்கால் அம்மையார்

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவர். அவர்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையார் கி.பி. 6 ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது பொதுவான கருத்து. அவர் இயற்றிய அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவற்றில் மொத்தம் 143 பாடல்கள் உள்ளன. இவை பதினோராம் திருமுறையில் சேர்க்கப்பட்டுள்ளன.

அந்தாதியின் இறுதியிலும் பதிகங்களின் முடிவிலும் அவர் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்றே குறிப்பிடுகிறார். இயற்பெயரையோ குலத்தையோ அவர் கூறவில்லை. வீட்டையும் உடலழகையும் துறந்தவர், ஊர்ப்பெயரை மட்டும் தம்மோடு வைத்துக்கொண்டார் எனலாம். காரைக்கால் என்னும் ஊரைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் இம்முத்திரை முதன்மையானது. பின்வந்த சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைப் 'பேயார்' என்று மட்டுமே குறிக்கிறார்.

இன்று அனைவரும் அறிந்த கதை 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் காணப்படுவதாகும். அதன்படி அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. தந்தை தனதத்தன் காரைக்கால் வணிகர். கணவர் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன். ஒருநாள் பரமதத்தன் இரு மாங்கனிகளை வீட்டிற்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியார்க்குப் புனிதவதி அவற்றுள் ஒன்றைப் படைத்தார். மற்றொன்றை உண்ட கணவன் அடுத்த கனியையும் கேட்கவே, அவர் இறைவனை வேண்டி ஒரு கனியைப் பெற்று அளித்தார். சுவை வேறுபட்டதால் ஐயுற்ற கணவன் இன்னொரு கனி வருவித்துக் காட்டுமாறு கேட்டான். வந்த கனி அவன் கையில் மறைந்தது. அஞ்சிய அவன் கடல் வாணிகத்திற்கெனக் கப்பலேறிச் சென்று, பாண்டிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் குடியேறி வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது குடும்பத்தோடு அவர் காலில் விழுந்தான். அதன் பின்னரே அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றார்.

இக்கதையை முழுதும் வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. அம்மையாருக்கும் சேக்கிழாருக்கும் இடையே சுமார் 600 ஆண்டுகள் உள்ளன. கதையில் தோன்றும் வணிக நகரம் சேக்கிழார் தம் காலச் சோழநாட்டில் கண்டதாகவும் இருக்கலாம். ஆயினும் காரைக்கால், நாகப்பட்டினம், பாண்டிநாட்டுத் துறை ஆகியவற்றைக் கடல்வழி இணைத்த வணிகக் குடிகளின் வாழ்க்கை இதில் தெளிவாகப் பதிந்துள்ளது.

அம்மையாரின் புகழ் கடல் கடந்தும் பரவியது. கம்போடியாவில் 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பந்தியாய் சிறீ கோயிலில், ஆடும் சிவனருகே உள்ள மெலிந்த பெண்ணுருவை அறிஞர் பலர் அம்மையார் என்றே கருதுகின்றனர். அமெரிக்காவின் கன்சாசு நகர அருங்காட்சியகத்திலும் அவரது சோழர்காலச் செப்புத் திருமேனி ஒன்று உள்ளது.

மாங்கனித் திருவிழா

ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி இவ்விழா நடைபெறுகிறது. மாப்பிள்ளை அழைப்பு, புனிதவதியார் திருக்கல்யாணம் எனக் கதை நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தப்படும். பிச்சாண்டவர் வீதியுலாவின்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுவர். அக்கனியைப் பிடித்து உண்டால் மகப்பேறு வாய்க்கும் என்பது நம்பிக்கை. கணவன் பிரிந்துபோன பெண்ணின் கதை, மணவாழ்வுக்கும் மகப்பேற்றுக்கும் வேண்டிக்கொள்ளும் விழாவாக மாறியிருப்பது கவனிக்கத்தக்கது.

சுற்றுவட்டாரக் கதைகள்

திருநள்ளாறு இன்று சனீசுவரன் தலமாகவே அறியப்படுகிறது, மூலவர் தர்ப்பாரண்யேசுவரர். சனியால் துன்புற்ற நளன் இங்கு விடுதலை பெற்றான் என்பது தலபுராணம். நளன் இங்கு வழிபட்ட செய்தியை 7 ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடியுள்ளார். மதுரையில் சமணரோடு நடந்த அனல் வாதத்தில் எரியாமல் நின்றது திருநள்ளாற்றுப் பதிக ஏடே என்பர்.

அருகிலுள்ள தருமபுரத்தில் சம்பந்தரின் பதிகத்தை யாழில் இசைக்க முடியாத திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியை முறிக்க முற்பட்டார் என்பது மரபு. இறைவன் பெயர் யாழ்முரிநாதர். மயிலாடுதுறையில் ஆதீனம் அமைந்துள்ள தருமபுரம் வேறு.

தெற்கே உள்ள திருமலைராயன்பட்டினம், 15 ஆம் நூற்றாண்டில் விசயநகரத்திற்கு உட்பட்டு ஆண்ட திருமலைராயன் பெயரால் அமைந்தது. அவனது அவையில் மதிக்கப்படாத காளமேகப் புலவர், ஊர் மண்மாரியால் அழியுமாறு சபித்தார் என்று கூறுவர். கடற்காற்று மணலை அள்ளிவரும் கரையில் இத்தகைய கதை எழுந்ததில் வியப்பில்லை.

பிரெஞ்சுக்காரர் வருகை

1738 இல் தஞ்சை மராத்திய அரியணையை இழந்த சாகுசி, அதனை மீட்க உதவினால் காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி ஆளுநர் துய்மாவிடம் உறுதியளித்தார். அரியணை கிடைத்தபின் அவர் வாக்கிலிருந்து பின்வாங்கினார். பின்னர் சந்தா சாகிப்பின் துணையோடு 1739 பெப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பெற்றனர். அவ்வாண்டே தஞ்சை அரியணை ஏறிய பிரதாப சிங் இதனை ஏற்றுக்கொண்டார். 1760 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதன்பின் பலமுறை கைமாறி, 1817 இல் மீண்டும் பிரெஞ்சு வசமாயிற்று. 19 ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகம் வழியே ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் ரீயூனியன் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றனர். 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் காரைக்கால் இந்தியாவுடன் இணைந்தது.