சலுகை வேண்டாம் என்ற அன்னா சாண்டி

மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலையில் வந்த அரசாணையோடு ஓய்ந்தது. மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்றது அந்த ஆணை. உரிமையை அரசு சலுகையாக்கி அளந்து கொடுத்தது. அந்தச் சலுகை மனப்பான்மையோடு எழுபது ஆண்டுகள் கழித்து அதே திருவிதாங்கூரில் மல்லுக்கு நின்றவர் அன்னா சாண்டி. இன்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக இருக்கும் களியக்காவிளையில் அன்று மாநில எல்லை கிடையாது. திருவனந்தபுரத்தில் எழுதிய சட்டம்தான் விளவங்கோடு தாலுகாவையும் ஆண்டது. ஆகவே அவர் வழக்காடியது நம் பக்கத்துப் பெண்களுக்காகவும்தான்.

1905-இல் பிறந்த அன்னா, சமஸ்தானத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். 1930-இல் ‘ஸ்ரீமதி’ இதழைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு, மணமான பெண்களுக்கு அரசு வேலை கூடாது என்று டி.கே. வேலுப்பிள்ளை என்பவர் திருவனந்தபுரத்தில் பேசியபோது, அதே மேடையில் ஏறி அவர் வாதங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். படித்த மேல்தட்டுப் பெண்களின் வேலைக் கவலைதானே இது என்று சிலர் கேட்கக்கூடும். விளவங்கோட்டுப் பனையேறியின் வீட்டைப் பாருங்கள். கணவன் இறக்கிய அக்கானி என்னும் பதநீரை ஊற்றிக் காய்ச்சி, புகையில் கண்ணெரிய ஓலையும் சருகும் தள்ளி, பதம் பார்த்துச் சிரட்டையில் வார்ப்பவள் மனைவி. அந்தக் கருப்பட்டியை விற்றுத்தான் குடும்பம் ஓடியது. அவள் உழைப்பால் குடும்பம் கெடும் என்று யாரும் மேடையேறிப் பேசவில்லை. சம்பளமும் அதிகாரமும் உள்ள நாற்காலியைப் பெண் கேட்டபோதுதான் குடும்ப நலன் நினைவுக்கு வந்தது. அந்த நாற்காலியில் பெண் அமராதவரை கருப்பட்டி காய்ச்சுகிறவளின் வழக்கையும் ஆண்களே விசாரித்து ஆண்களே தீர்ப்பளிப்பார்கள்.

அவரது நிலைப்பாடுகளில் மிகவும் துணிச்சலானது, பெண்களுக்கு மரண தண்டனையிலிருந்து திருவிதாங்கூர் சட்டம் அளித்த விலக்கை எதிர்த்தது. தூக்குக் கயிற்றையா சமத்துவம் என்று கேட்பது, இது கொடுமையில்லையா? மரண தண்டனையே கூடாது என்பவன் நான். ஆனாலும் அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. பெண் தன் செயலுக்கு முழுப் பொறுப்பேற்க முடியாதவள் என்ற எண்ணம்தான் அந்த இரக்கத்துக்கு அடிப்படை. வேலையும் வாக்கும் அவளுக்கு எதற்கு என்று கேட்டதும் அதே எண்ணம். அப்படியானால் அரசு வேலையில் பெண்களுக்கு ஒதுக்கீடு கேட்டாரே, அது சலுகையில்லையா என்பார்கள். இல்லை. பூட்டி வைத்த கதவைத் திறக்கச் சொல்வதுதான் ஒதுக்கீடு. பொறுப்பேற்கத் தகுதியில்லாதவள் என்று ஒதுக்கி வைப்பது வேறு.

இப்படிப் பேசியவரை ஊர் சும்மா விடவில்லை. திருவிதாங்கூரின் மக்கள் சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் நின்றபோது அவதூறுகளை அள்ளி வீசினார்கள். அதையும் தாண்டி வென்று 1932 முதல் 1934 வரை உறுப்பினராக இருந்தார். 1937-இல் முன்சீப், 1948-இல் மாவட்ட நீதிபதி, 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் உயர் நீதிமன்ற நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். ஆனால் அதற்குள், 1956 நவம்பர் 1-இல், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. களியக்காவிளைக்காரர்களின் மேல்முறையீடுகள் அதன்பின் போய்ச் சேர்ந்த சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதியைக் காண 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.