பிள்ளைத்தாச்சிக்கு ஈரல் வேண்டாம்

லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலுக்கு வந்துபோகிற ஈழத்தமிழ்க் குடும்பங்களில் மகளோ மருமகளோ பிள்ளைத்தாச்சி என்றால், ஆட்டீரல் வாங்கி மிளகுத்தூள் தூக்கலாகப் போட்டுப் பிரட்டிக் கொடுக்க ஒரு பெரியம்மா இருப்பார். இரத்தம் ஊறும் என்பார். அதில் பொய்யில்லை, ஈரலில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ஆபத்து, அதோடு சேர்ந்து வரும் வைட்டமின் ஏ-யில் இருக்கிறது.

ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 மைக்ரோகிராம் போதும் என்கிறது பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ். 100 கிராம் ஆட்டீரலில் அது 7,000-ஐத் தாண்டும். மிஞ்சியது சிறுநீரோடு வெளியேறாது. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் நம் கல்லீரலிலேயே தங்கிவிடும். 1913 ஜனவரியில் அண்டார்டிகாவில், உணவு தீர்ந்து, வண்டியிழுத்த நாய்களின் ஈரலைத் தின்ற ஆய்வுப் பயணி சேவியர் மெர்ட்ஸ் தோலுரிந்து, சித்தம் கலங்கி இறந்தார். வைட்டமின் ஏ மிகையே காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

கருவுக்குத் தீங்கு செய்ய அவ்வளவு வேண்டியதில்லை. முகமும் மூளையும் இதயமும் உருவாகும் முதல் வாரங்களில், எந்த செல் என்னவாக வளர வேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் இந்த வைட்டமினுக்குப் பங்குண்டு. அளவு மீறினால் அந்த ஒழுங்கு குலைகிறது. அதனால்தான் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டன் அரசு 1990இலேயே அறிவுறுத்தியது. 1995இல் அமெரிக்காவில் 22,748 கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது, மாத்திரையாக மட்டுமே தினமும் 10,000 யூனிட்டுக்கு (ஐயூ; மைக்ரோகிராமைவிடச் சிறிய அலகு) மேல் எடுத்தவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ 57க்கு ஒன்று அதனாலேயே பிறவிக் குறையோடு பிறந்ததாகக் கணக்கிட்டார்கள்.

முருங்கைக்கீரைக்கும் கேரட்டுக்கும் பயப்பட வேண்டாம். அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்பவே வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். இரும்புக்குப் பருப்பு, பயறு, கீரை, நன்றாக வெந்த இறைச்சி இருக்கின்றன. எலுமிச்சை பிழிந்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். போதாவிட்டால் மிட்வைஃபிடம் கேட்டால் இரும்பு மாத்திரைக்கு வழி செய்வார். தெரியாமல் ஒருமுறை ஈரல் சாப்பிட்டவர்கள் கலங்க வேண்டியதில்லை. இனித் தவிர்த்தால் போதும். மீன் ஈரல் எண்ணெயும் கர்ப்ப மாதங்களில் ஆகாது.

கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான அரசின் ஹெல்தி ஸ்டார்ட் வைட்டமின்களை வருமானம் பாராமல் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை லூயிஷாம் 2013இல் தொடங்கியது. தாய்மாருக்கான மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் சி, டி-யும்தான், ஏ கிடையாது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஏ உண்டு. அதைக் கொடுக்கிற வீட்டில், ஊர்ப் பழக்கத்தில் மீன் ஈரல் எண்ணெயும் ஒரு கரண்டி சேர்த்து ஊட்டாதீர்கள்.