நிழலறிந்து மிளகுக்கொடி தேர்தல்

மலைச்சரிவில் உள்ள சங்கம் ஒன்றின் கடன் கணக்குகளைச் சரிபார்க்கச் சென்ற ஆண்டு மாசித் திங்களில் நாம் போயிருந்தோம். அங்கே இரு உறுப்பினர்கள், ஒரே ஆண்டில் ஒரே அளவு கடன் பெற்று, ஒரே பண்ணையில் பன்னியூர்-1 மிளகு நாற்றுகளை வாங்கி நட்டிருந்தனர். நான்காம் ஆண்டில் ஒருவர் முதல் தவணையைச் செலுத்திவிட்டார். மற்றவர் பெயரிலோ வட்டி மட்டுமே ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாமவரின் தோட்டத்தைச் சென்று பார்த்தோம். கொடிகள் இலை செழித்து, மரத்தில் ஆளுயரத்திற்கு மேல் ஏறி நின்றன. ஆனால், காய்ச்சரம் கொடிக்கு ஒன்றிரண்டே கண்ணில் பட்டது. "உரம் போதவில்லையோ, ஐயா?" என்று அவர் கேட்டார். குறை உரத்தில் இல்லை. பலாவும் மாவும் தலைக்குமேல் பின்னிக்கொண்டு, நண்பகலையும் அந்திப்பொழுதாக்கியிருந்தன. முதலாமவர் நட்டிருந்ததோ சில்வர் ஓக் மரங்களின் வரிசையில். அங்கே வெளிச்சத்திற்குத் தடையில்லை.

பன்னியூர்-1 பெயர் பெற்ற இனம் என்பதில் ஐயமில்லை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில், உதிரன்கொட்டா, செறியகாணியக்காடன் என்னும் இரண்டு நாட்டுக் கொடிகளைக் கலந்து உருவாக்கி, 1971-இல் வெளியிட்டனர். மிளகில் முதன்முதல் தோன்றிய கலப்பினம் இதுவே. சரம் நீளம், மணி பருமன். ஆனால் இது வெளிச்சத்தை விரும்பும் கொடி. அடர்ந்த நிழலில் வைத்தால் இலையாகவே பெருகும், சரம் விடாது. இச்செய்தியை நாற்று விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கடன் கொடுத்த சங்கமும் கேட்கவில்லை என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

ஜமுக்காளம் நெய்ய 80-ஆம் நம்பர் நூலை எடுப்பவர் நம் நெசவாளருள் எவருமில்லை. நூல் மட்டமானது என்பதனால் அன்று. அந்த வேலைக்கு அது ஆகாது. கொடிக்கும் இவ்வாறே.

மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் மரம் பற்றி வளர்ந்த கொடியாதலால், கடும்வெயில் அதற்கு ஒவ்வாது; கோடையில் இலை கருகும். இருளும் ஒவ்வாது. கிளைகளுக்கிடையே புள்ளி புள்ளியாய் விழும் வெயிலே அதற்கு உகந்தது. இதில் ஒவ்வோர் இனமும் தாங்கும் அளவு வேறுபடும். கரிமுண்டா என்னும் பழைய நாட்டுக் கொடியின் இலை சிறியது, மணியும் சிறியது, பார்வைக்கு எடுப்பாக இராது. ஆயினும் ஓரளவு நிழலிலும் காய்க்கும். நாம் சொன்ன உறுப்பினரின் வேலிக்கு அப்பால், அதே போன்ற பலா நிழலில், அண்டை வீட்டாரின் கரிமுண்டா சரம் சரமாய்க் காய்த்திருந்ததைக் கண்டோம். பாக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் ஊடுபயிராக வைப்பவர்கள் பன்னியூர்-5 என்னும் இனத்தையும் எண்ணிப் பார்க்கலாம். அதுவும் நிழல் தாங்குவது. உயர்ந்த மலைப்பகுதிக்கென்று கோழிக்கோட்டு நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிரிமுண்டா, மலபார் எக்செல் என்னும் இரண்டு கலப்பினங்களை அளித்துள்ளனர்.

தென்னந்தோப்பு உடையவர்கள் மரத்தின் வயதையும் கணக்கிட வேண்டும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் முதல் ஏழெட்டு ஆண்டுகள் தரையில் வெயில் தாராளமாக விழும். அதன்பின் ஏறக்குறைய 25 வயது வரை மட்டைகள் தாழ்ந்து விரிந்து நிலத்தை மூடிவிடும். அக்காலத்தில் எவ்வினம் வைத்தாலும் ஏமாற்றமே. மரம் ஓங்கிய பிறகு வெளிச்சம் மீண்டும் இறங்கும். மிளகுக்கு அதுவே காலம்.

நிழலை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நண்பகலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்துப் பாருங்கள். பாதியளவு வெயில் திட்டுகளாக விழுமாயின் நன்று. துணி முழுவதும் கருநிழலாயின், நாற்றுக்குப் பணம் கொடுக்குமுன் கிளைகளைக் கழித்தாக வேண்டும். கல்யாண முருங்கை போன்ற தாங்குமரங்களை மழைக்கு முன்னரே கவாத்துச் செய்துவிட்டால், சரம் விடும் பருவத்தில் வெளிச்சம் கிடைக்கும். கழித்த தழை கொடிக்கே எருவாகும்.

இருண்ட தோப்பில் மற்றோர் இடரும் உண்டு. ஈரம் உலராமல் நீர் தேங்கும் இடத்தில் விரைவு வாடல் நோய் புகுந்தால், நன்கிருந்த கொடி சில வாரங்களில் மடிந்துவிடும். பன்னியூர்-1 இந்நோய்க்கு எளிதில் இரையாகும். நோய் கண்ட ஊர்களில், அதனை ஓரளவு தாங்கும் சக்தி, தேவம் என்னும் இனங்களை நாடுவது தக்கது. வடிகால் இன்றேல் இவையும் பிழைக்க மாட்டா.

நாற்று வாங்குவோர் இனத்தின் பெயரோடு நில்லாமல், தாய்க்கொடி எது, அது எத்தகைய நிழலில் நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். கூடுமாயின் நேரில் காணல் வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட, நன்கு காய்க்கும் கொடியின் அடியில் பிறக்கும் ஓடுகொடிகளே ஏற்றவை. அவை தரையில் வேரூன்றாதபடி குச்சி நட்டுச் சுருட்டி வைத்து, மாசி, பங்குனியில் இரண்டு மூன்று கணுக்களாக நறுக்கிப் பைகளில் ஊன்றினால், தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நடவுக்கு ஆயத்தமாகும். நட்ட மூன்றாம் ஆண்டு முதல் காய்ப்புத் தொடங்கும்; முழு விளைச்சலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். கடன் தவணைகளை இக்கணக்கின்படி அமைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த உறுப்பினர் மாமரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டார். பலா அவருடைய தந்தையார் வைத்தது. அதில் அரிவாள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. அதன் அடியில் இருந்த கொடிகளை மட்டும் அகற்றி, அண்டை வீட்டாரிடம் பெற்ற கரிமுண்டா ஓடுகொடிகளை ஆனியில் நட்டிருக்கிறார். சங்கம் அவருடைய தவணையை இரண்டு ஆண்டுகள் ஒத்திவைத்துள்ளது.