டீசல் உட்செலுத்தல் நேரத்தை முன்னகர்த்தல்

டீசல் உட்செலுத்தல் நேரத்தை முன்னகர்த்தல் என்பது டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருள் பீய்ச்சப்படத் தொடங்கும் கணத்தை, தொழிற்சாலையில் அமைத்ததைவிடச் சற்று முன்னதாக மாற்றுவதாகும். பட்டறை வழக்கில் இது டைமிங் அட்வான்ஸ் எனப்படும். பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை மேல்முனை ஆகும். அதற்கு எத்தனை பாகை முன்பு உட்செலுத்தல் தொடங்குகிறது என்பது கிராங்க் தண்டின் சுழற்சியைக் கொண்டு குறிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை விற்பனையான டாட்ஜ் ராம் டிரக்குகளின் 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் எஞ்சினில் இம்மாற்றம் பரவலாகச் செய்யப்படுகிறது.

அடிப்படை

பீய்ச்சப்பட்ட டீசல் உடனே தீப்பற்றுவதில்லை. அது ஆவியாகிச் சூடான காற்றுடன் கலக்கச் சிறிது நேரம் தேவை. நிமிடத்திற்கு 1000 சுற்றில் ஒரு மில்லிவினாடிக்குள் கிராங்க் தண்டு 6 பாகை திரும்புகிறது. 2000 சுற்றில் 12 பாகை திரும்புகிறது. எனவே வேகம் கூடும்போது உட்செலுத்தலும் முன்னதாகத் தொடங்குவது நல்லது.

1993 வரையிலான டாட்ஜ் டிரக்குகளில் இருந்த பாஷ் விஇ பம்பு, வேகத்திற்கேற்ப நேரத்தைத் தானே ஓரளவு முன்னகர்த்தும். பின்னர் வந்த பி7100 பம்பில் அவ்வசதி இல்லை. குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கும் நெடுஞ்சாலையில் சுமை இழுப்பதற்கும் ஒரே பாகைதான். இதனால் அன்றாடப் பயன்பாட்டிற்கான அமைப்பு எப்போதும் ஒரு சமரசமாகவே அமைகிறது.

விளைவுகள்

அளவோடு முன்னகர்த்தினால் எரிதல் மேல்முனைக்கு அருகில் நிகழ்கிறது. எரிபொருள் சிக்கனம் மேம்படலாம். கரும்புகையும் வெளியேறும் வாயுவின் வெப்பமும் குறையும்.

அளவு மீறினால் பிஸ்டன் மேலேறும்போதே அழுத்தம் உயர்ந்து அதை எதிர்க்கும். தட்டும் ஓசை கூடும். காற்று போதிய அளவு சூடாகும் முன்பே டீசல் பீய்ச்சப்படுவதால், குளிரில் எஞ்சின் கிளம்பச் சிரமப்பட்டு வெண்புகை விடும். உச்ச அழுத்தம் உயர்வதால் ஹெட் கேஸ்கெட் பழுதாகும் வாய்ப்பும் அதிகம். நைட்ரசன் ஆக்சைடு உமிழ்வும் கூடுகிறது.

தொழிற்சாலை அளவு எஞ்சினின் தரவுத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அன்றாடம் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 15 அல்லது 16 பாகையோடு நிறுத்திக்கொள்வர்.

செய்முறை

முதல் சிலிண்டரின் பிஸ்டன், அழுத்த வீச்சின் மேல்முனையில் துல்லியமாக நிறுத்தப்படும். பம்பில் அந்தச் சிலிண்டருக்கான டெலிவரி வால்வைக் கழற்றி, பிளஞ்சர் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை டயல் கேஜால் அளப்பர். பின் புல்லரால் பம்பு பல்சக்கரத்தைத் தளர்த்தி, தேவையான பாகைக்குரிய உயரம் வரும்வரை பம்பின் தண்டைத் திருப்புவர்.

இப்பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தச் சாவி கிடையாது. கூம்பு வடிவத் தண்டின் உராய்வே அதைப் பிடித்துள்ளது. அங்கு எண்ணெய்ப் பசை இருந்தாலோ, நட்டு உரிய முறுக்கு அளவில் இறுக்கப்படாவிட்டாலோ, பல்சக்கரம் வழுக்கி நேரம் பின்தங்கும். இழுவிசை குறைந்து புகை கூடும். எனவே இறுக்கிய பின் மீண்டும் அளந்து சரிபார்ப்பது அவசியம்.

சட்டநிலை

அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், சான்றளிக்கப்பட்ட உமிழ்வுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சிதைப்பதைத் தடை செய்கிறது. உமிழ்வைக் கூட்டும் நேர மாற்றமும் இதன்கீழ் வரக்கூடும்.