இன்சுலினுக்குக் காத்திராத வாசல்

சர்க்கரை நோய்க்குக் கிணறு வெட்டச் சொல்கிறது ஒரு பழைய மருத்துவ நூல். இனிப்பாகச் சிறுநீர் போகும் நோயையும் பிரமேகம் என்ற சிறுநீர் நோய் வகையில் சேர்க்கும் சுசுருத சம்ஹிதை, அந்த நோயாளி காசில்லாதவராக இருந்தால் செருப்பும் குடையும் இல்லாமல் நூறு யோசனை தூரம் நடக்கட்டும், இல்லையென்றால் கிணறு தோண்டட்டும் என்கிறது. செருப்பில்லாமல் என்றால் இன்றைய டாக்டர்கள் சண்டைக்கே வருவார்கள். மற்றபடி அந்த மருந்துச் சீட்டில் பெரிதாகக் குறை சொல்ல எதுவுமில்லை. அது ஏன் பலிக்கிறது என்பது புரியத்தான் இருபதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஆர்.டி. லாரன்ஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். அவரே சர்க்கரை நோயாளி. 1923-ல் இன்சுலின் கைக்கு வந்ததால் உயிர் தப்பியவர். உடலுக்கு வேலை கொடுத்தால் அதே அளவு இன்சுலின் சர்க்கரையை இன்னும் அதிகமாக இறக்குகிறது என்று 1926-ல் எழுதினார். அப்படியானால் தசைக்குள் என்னதான் நடக்கிறது?

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் தசைச் செல்லுக்குள் தானாக நுழைய முடியாது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பாலானது; அது குளுக்கோஸை விடாது. உள்ளே போக ஒரு புரத வாசல் வேண்டும். அதன் பெயர் குளூட்-4. விசித்திரம் என்னவென்றால், தசை சும்மா இருக்கும்போது இந்த வாசல்களில் பெரும்பாலானவை சவ்வில் இருப்பதில்லை. செல்லுக்குள்ளே நுண்ணிய பைகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. நாம் சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் வெளியே நின்று சேதி அனுப்பும். அந்தச் சேதி ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி உள்ளே போன பிறகே வாசல்கள் சவ்வுக்கு ஏறி வரும். இரண்டாம் வகை நீரிழிவில் பழுதாவது இந்தக் கைமாற்றம்தான். வாசல்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. சேதிதான் போய்ச் சேருவதில்லை.

இப்போது அந்த நோயுள்ள ஒருவர் எழுந்து நடக்கிறார். தசை சுருங்கும்போது அதற்குள் கால்சியம் பாய்கிறது, ஆற்றல் கரைகிறது. அந்தக் குறைவை ஏ.எம்.பி.கே. என்ற நொதி மோப்பம் பிடிக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து, இன்சுலினைக் கேட்காமலே, வேறொரு பாதையில் வாசல்களை மேலே தள்ளுகின்றன. பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பவரின் தசையிலும் இந்த இரண்டாம் பாதை கெடாமல் இருக்கிறது. எனக்கு இந்த நோயின் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நடை நின்ற சில மணி நேரத்தில் அந்தப் பாதை ஓய்ந்துவிடும். ஆனால் நடையில் காலியான சர்க்கரைச் சேமிப்பை நிரப்பிக்கொள்ள, அடுத்த ஒன்றிரண்டு நாள் வரை தசை இன்சுலினின் பேச்சை வழக்கத்தைவிட நன்றாகக் கேட்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் ஷட்டில், வியாழக்கிழமைச் சர்க்கரைக்கு உதவாது.

வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். எப்போது நடப்பது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2016-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். நாமோ விடியற்காலையில் பூங்காவைச் சுற்றிவிட்டு, இரவு நாலு தோசையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம்.

நடை மட்டும் போதாது என்பதும் உண்மை. குளுக்கோஸை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு தசை. வயதாக ஆக அது சுருங்குகிறது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவதோ, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதோ அதைக் காப்பாற்றும்.

நோயின் விளிம்பில் நிற்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே சான்று உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடலுழைப்பும் நீரிழிவு வரும் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை.

மூச்சு வாங்க ஓடியபின் குளுக்கோமீட்டர் எண் ஏறியிருந்தால் பதற வேண்டாம். அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிட்டிருக்கும், சற்று நேரத்தில் தணியும். பயப்பட வேண்டியது தாழ்சர்க்கரைக்குத்தான். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடையின்போது மட்டுமல்ல, அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். ஆகவே புதிதாகத் தொடங்குமுன் மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் ரத்தக்கசிவு இருந்தால் எடை தூக்கலாமா என்றும் கேளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பி ஒருமுறை பாருங்கள்; மரத்துப்போன காலில் குத்திய முள் வலிக்காது.