தொட்டிக்குள் வளரும் முருகை

முருகைக்கல் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன சுண்ணாம்புச் சூளையும் பழைய மதிலுமே. யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் அக்கல் உண்டு. ஆயின், கல்லாவதற்கு முன் அது உயிராயிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சின்னஞ்சிறு மெல்லுடற் பிராணிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்கெனக் கட்டிய கிண்ணங்களின் தொகுதியே முருகைக்கல். இப்பிராணிகளை ஒரு சிறு கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்க்க முடியுமா? விலையுயர்ந்த யந்திரங்கள் இல்லாமலேயே முடியும் எனக் காட்டியோர் உளர்.

அவர்களுள் முந்தியவர் ஒரு பெண்மணி. இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்துக் குருவானவர் ஒருவரின் மனைவியாகிய அன்னா தின் என்பார், 1846ஆம் ஆண்டில் டோர்க்கே கடற்கரையிற் கண்ட முருகைகளை ஊசியும் நூலுங் கொண்டு கடற்பஞ்சு ஒன்றிலே தைத்து, கடல்நீரில் இட்டு இலண்டனுக்குக் கொண்டு சென்றார். நகரிலே புதுக் கடல்நீர் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே இருந்த நீரையே திறந்த சாளரத்தருகில் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றி, நாம் தேநீர் ஆற்றுவது போல ஆற்றிக் காற்றூட்டச் செய்தார். முக்கால் மணி நேரம் வரை இவ்வேலை நடக்கும். செய்தவள் வீட்டுப் பணிப்பெண். இன்று மின்சாரப் பம்பு செய்வதை அன்று அவளுடைய கைகள் செய்தன. முருகைகள் வாழ்ந்ததோடு பெருகவுஞ் செய்தன.

அவை குளிர்கடல் இனம். வெப்பக் கடல் முருகைகளை வளர்ப்பதோ இன்னும் அரிது. ஜக்கார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் தமது எளிய முறையை 1961ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் விளக்கினார். கடல்நீர், கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல், சூரிய வெளிச்சம், மெல்லிய இழையாக மேலெழும் காற்றுக் குமிழிகள்: அவரது முறைக்கு வேண்டியவை இவ்வளவே.

இம்முறையின் உயிர்நிலை அந்தக் கல்லிலே உள்ளது. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அமோனியா என்னும் நஞ்சாக மாறும். கல்லின் மேற்பரப்பில் வாழும் பற்றீரியாக்கள் அதனைப் படிப்படியாக நைத்திரேற்று ஆக்கும். கல்லின் துளைகளுக்குள்ளே, பிராணவாயு எட்டாத ஆழத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றைச் சாதாரண நைதரசன் வாயுவாக்கிக் காற்றிலே கலக்க விட்டுவிடும். கூலி கேளாத இத்தொழிலாளர்கள் இருக்கும்போது வடிகட்டி எதற்கு? ஆனால் கல் வழிப்பயணத்தில் உயிரிழந்துவிட்டால், அழுகித் தொட்டியையே நஞ்சாக்கிவிடும்.

வெளிச்சத்தின் பயனையும் சொல்லவேண்டும். வெப்பக் கடல் முருகைகளின் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை பகலில் சூரிய ஒளியால் உணவு சமைத்து, அதன் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. இரவிலே பெரும்பாலான முருகைகள் தம் உணர்கொம்புகளை விரித்து, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்கின்றன. பகலில் மரம், இரவில் வேடன்!

மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. 40 லீற்றர்த் தொட்டியில் 1,400 கிராம். இரண்டு லீற்றர் நீர் ஆவியானால் உப்பு போவதில்லை. எஞ்சிய 38 லீற்றரில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 37 கிராம் வந்துவிடும். எனவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும். கடல்நீர் ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். பெருங்கடலில் உணரப்படாத மாற்றம் சிறு தொட்டியில் பெருங் கேடாகும். வெப்பமும் அவ்வாறே. நண்பகல் வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைத்தல் ஆகாது.

இவற்றைக் காட்டிலும் கடினமானது பொறுமை. புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரமாகும். அதுவரை மீன் விடாமலிருப்பதும், பின்னர் ஒன்றிரண்டு சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்வதும், உணவைக் கிள்ளியே கொடுப்பதும், வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவதும் எல்லோராலும் ஆவதில்லை. தொட்டி மடிவது பெரும்பாலும் உபகரணக் குறைவால் அன்று, அவசரத்தால் என்பதே நம் கருத்து.

பொறுமையின்மை தொட்டிக்கு வெளியிலும் கேடு செய்தது. பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் 1854ஆம் ஆண்டில் ‘அக்குவேரியம்’ என்ற தலைப்பிலே நூல் வெளியிட்டபின், இங்கிலாந்தில் கடற்பிராணி வளர்ப்பு ஒரு மோகமாயிற்று. மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று கரையோரப் பாறைச் சுனைகளைச் சூறையாடினர். அந்த அழிவு தம் தந்தைக்குப் பெரும் வேதனையளித்ததென அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907ஆம் ஆண்டில் எழுதினார்.

இலங்கையில் கல்முருகைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து அவற்றை உடைத்தெடுப்பது குற்றம். வேறு நாடுகளில் வளர்ப்போர் பலர், முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவது போல, தொட்டியில் வளர்ந்த முருகையின் கிளையையே ஒடித்து மற்றவருக்குக் கொடுக்கின்றனர், கடலுக்குப் போவதில்லை. 1998ஆம் ஆண்டில் கடல்நீர் வழமைக்கு மிஞ்சிச் சூடேறியபோது, ஹிக்கடுவை முருகைகள் தம் பாசிகளை இழந்து வெளுத்தன, பெரும்பாலானவை மடிந்தன. வெப்பமானி இரண்டு பாகை ஏறியதைக் கண்டு அஞ்சும் தொட்டிக்காரருக்கு அச்செய்தி எளிதில் விளங்கும்.

முருகையைக் காண விரும்பும் குடும்பங்கள் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குச் செல்லலாம். அங்கே ஆழமற்ற நீரில், காலூன்றாமல் மிதந்தபடி உயிர் முருகைகளைப் பார்க்கலாம். கரையில் மணலோடு இறந்த முருகைத் துண்டுகள் குவிந்து கிடக்கும். வீட்டுக்கு எடுத்துவர அனுமதியில்லை. ஆனால் பிள்ளைகள் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டு போகலாம். துண்டொன்றை உற்று நோக்கினால் நுண்ணிய கிண்ணங்கள் தெரியும். கிண்ணத்துக்கு ஒரு பிராணி வீதம் அங்கே குடியிருந்தது.